கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம் வேண்டும்

மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், கிழக்கு மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்துக்கும், எங்கள் கிளினிக்குகளில் வேலை செய்யும் வைத்தியர்கள், தாதியர் அனைவருக்கும்,

வணக்கம்.

என் வீடு ஆரையம்பதியில். வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த மடலை அம்மாவின் மகனாக இருந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. 14 வருடமாகச் சீனி வருத்தம், அதோடு பிரசரும். கிளினிக் நாள் ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டார். போன கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் விடியற்காலை, குசினிப் படியில் குந்தியிருந்தார். சேலை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, இறந்துபோன என் மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாக்குக் குழறியது. பாரிசவாதம் என்றுதான் நினைத்தோம். 1990க்கு அடித்தோம். அம்புலன்ஸில் வந்த பிள்ளைகள் விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி 38. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு என்று சொல்வார்கள். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றிச் சில நிமிடங்களில் அம்மா தெளிந்து, "ஏன் மனே இவ்வளவு சனம்?" என்று கேட்டார்.

வார்ட்டில் வைத்துத்தான் கதை வெளியே வந்தது. மூன்று கிழமையாக வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. இரவில் பொன்குரண்டி மரக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் அதையும் குடித்திருக்கிறார். சிங்களத்தில் கோத்தலஹிம்புட்டு என்கிறார்களே, அதே மரம்தான். கிளினிக் குளிசைகளும் நிற்கவில்லை. சீனியைக் குறைக்கும் மெட்போமினும் கிளிக்ளசைட்டும் வழக்கம்போல உள்ளே போயிருக்கின்றன. அதற்கு மேல் விரதம், இரவுச் சாப்பாடு இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால் அம்மா செய்ததில் பிழை சொல்ல முடியாது. நான்கும் ஒரே உடம்பில் ஒரே இரவில் சேர்ந்ததுதான் வினை.

பொன்குரண்டி ஒன்றும் வெறும் நம்பிக்கை இல்லை. நம் நாட்டிலேயே சீனி வருத்தக்காரருக்கு அதைத் தேநீராகக் கொடுத்துப் பார்த்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சீனி குறைந்தது. பாகற்காயும் சீனியைக் குறைக்கக்கூடியதுதான். அவை வேலை செய்கின்றன. வேலை செய்வதால்தான் ஆபத்தும் வருகிறது. ஒரு பயனும் இல்லாத இலையைக் குடித்திருந்தால் அம்மாவுக்கு அன்று ஒன்றும் ஆகியிருக்காது. "இயற்கை மருந்துதானே, பக்கவிளைவு இல்லை" என்று சொல்கிறவர்களும், "இந்தப் பச்சிலையில் என்ன இருக்கிறது" என்று தள்ளிவிடுகிறவர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்று எனக்கு அன்று விளங்கியது. இருவருமே அந்தச் செடியை மருந்தாக எண்ணவில்லை.

வார்ட்டில் ஒரு வைத்தியர் அம்மாவை ஏசினார். "இந்தக் குப்பையெல்லாம் ஏன் குடிக்கிறீங்க, சாகப் போறீங்களா?" அவர் இரவு முழுக்க நித்திரை இல்லாமல் நின்றவர், அதை நான் கண்ணால் பார்த்தேன். அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஏச்சுக்குப் பிறகு அம்மா என்ன செய்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மரக் கோப்பையை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இரண்டு கிழமை கழித்துத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். நானும் ஏசினேன். அம்மா பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "சொன்னால் ஏசுறீங்க மனே. பிறகு யாருக்கிட்டப் போய்ச் சொல்ல?"

அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் ஊர்களில் கைமருந்து இல்லாத வீடு இல்லை. தடிமன் என்றால் கொத்தமல்லித் தண்ணி, தலைப்பாரத்துக்கு வேது, வயிறு ஊதினால் இஞ்சியும் ஓமமும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி. விடிய எழும்பி வல்லாரை, முடக்கொத்தான், முசுமுசுக்கை போட்டு இலைக்கஞ்சி காய்ச்சுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. காத்தான்குடியில் என் நண்பனின் உம்மா கருஞ்சீரகம் இல்லாமல் ஒரு நாளைத் தொடங்க மாட்டார். இவற்றில் பெரும்பாலானவை சாப்பாட்டின் அளவில் இருக்கும்வரை ஆளுக்கு நல்லதே செய்கின்றன. கொத்தமல்லித் தண்ணி குடிக்கிற காய்ச்சல்காரர் குறைந்தபட்சம் உடம்பு வறண்டு போகாமல் இருக்கிறார். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதை மேல்நாட்டு ஆய்வுகளும் ஏற்கின்றன. இருமலுக்குத் தேன் நல்லது. ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்; உடம்பு சோர்ந்து மூச்சே நின்றுபோகலாம். பிறந்த வீட்டில் தேன் தொடுவது எங்களில் எத்தனை பேருக்கு ஆசையான சடங்கு என்று எனக்குத் தெரியும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அம்மம்மாவையும் பக்கத்தில் இருத்தி இதைச் சொன்னால் நல்லது. பிள்ளையின் தாய்க்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனால், தேன் போத்தல் இருப்பது அம்மம்மாவின் கையில்.

என் அப்பப்பா காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பரியாரியார் இருந்தாராம். அவரிடம் போனால் முதலில் நாடி பிடிப்பார். நேற்று என்ன சாப்பிட்டாய், வேறு யாரிடம் மருந்து வாங்கினாய் என்று கேட்பார். மூன்று நாளைக்கு மட்டும் மருந்து தருவார். அந்த மூன்று நாளுக்கும் பத்தியம் சொல்லி, நாலாம் நாள் திரும்பி வரச் சொல்வார். சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்பது எங்கள் வைத்தியத்தின் அரிச்சுவடி. அதனால்தான் சுக்கைத் தோல் சீவியும் கடுக்காயைக் கொட்டை நீக்கியும் எடுப்பார்கள். சேராங்கொட்டையையும் நேர்வாளத்தையும் சுத்தி செய்யாமல் யாரும் தொடமாட்டார்கள். மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்று எந்தப் பரியாரியாரும் சொன்னதில்லை. அளவு, நாள், அனுபானம் (மருந்தை எதோடு சேர்த்துக் குடிப்பது), பத்தியம், யாருக்கு ஆகாது என்ற ஐந்தையும் சேர்த்துத்தான் அவர்கள் மருந்து என்றார்கள்.

இப்போது வட்சப்பில் வருவது செடியின் படம் மட்டும். அளவும் இல்லை, எத்தனை நாள் என்றும் இல்லை. 'கொலஸ்ட்ரோலுக்குப் பிலிங்காய்ச் சாறு' என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கறிக்குப் புளியாக இரண்டு பிலிங்காய் போடுவதில் ஒன்றும் இல்லை. ஒரு கோப்பை நிறையச் சாறாகப் பிழிந்து குடித்தால் அதிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அதை நிறுத்திவிடக்கூடும். காமரங்காயும் அப்படித்தான். கேரளத்திலும் நம் நாட்டிலும் இப்படி வந்த நோயாளிகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே இருக்கிறவருக்குக் காமரங்காய் மூளையையும் தாக்கும். நிற்காத விக்கல் அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. தெஹியத்தகண்டியப் பக்கம் சிறுநீரக நோயோடு வாழ்கிற குடும்பங்கள் இருக்கிற அம்பாறை மாவட்டத்தில், இந்த ஒரு வரியையாவது ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் எழுதிப் போடுங்கள்.

படுவான்கரைக்கு வருவோம். எனக்கு மிகக் கவலை தருகிற விடயம் இதுதான். வேளாண்மை தொடங்கினால் எங்கள் ஆட்கள் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறார்கள். எலிக்காய்ச்சல் வருகிறது. 2008இல் மட்டும் இந்த நாட்டில் 7,000க்கு மேற்பட்டவர்களுக்கு அது வந்தது. காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் உளைவு, கண் சிவத்தல், அப்புறம் சிலருக்குக் கண் மஞ்சளாகும். கண் மஞ்சளானால் ஊரில் அதற்குப் பெயர் செங்கமாரி. செங்கமாரிக்கு மருந்து கீழ்காய்நெல்லி. பாலில் அரைத்துக் குடி, மீனை விடு, எண்ணெயை விடு. என் மாணவன் ஒருவனின் தகப்பன் அப்படி ஐந்து நாள் இருந்தார். கண் மஞ்சளைப் பார்த்த எல்லோரும் ஈரலை நினைத்தார்களே தவிர, சிறுநீர் குறைந்துகொண்டு போனதை ஒருவரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் நின்றிருந்தது. இரத்தச் சுத்திகரிப்புச் செய்து காப்பாற்றினார்கள். இப்போது நடமாடுகிறார், வயலுக்குப் போக முடியவில்லை.

கீழ்காய்நெல்லியை நான் குறை சொல்ல வரவில்லை. 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள் காமாலைக் கிருமிக்கு அது உதவுமென்று எழுதி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அந்த வாதம் எப்படிப் போனாலும் போகட்டும். எலிக்காய்ச்சலுக்குத் தேவை நேரத்தோடு அன்டிபயோட்டிக். வயலில் இறங்குமுன் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம் தரப்படும் டொக்சிசைக்கிளின் குளிசை வராமலே தடுக்கவும் உதவும். சுதேச மருத்துவத் திணைக்களத்திடம் நான் கேட்பது இதுதான்: உங்களிடம் பதிவு செய்த ஒவ்வொரு வைத்தியரும், வயல் வேலை செய்தவர் கண் மஞ்சளோடு வந்தால், அன்றே ஒரு துண்டு எழுதி ஆசுபத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்தத் துண்டோடு வருகிறவரை ஆசுபத்திரியில் யாரும் 'பரியாரிட்டப் போயிட்டு இப்ப ஏன் வாறாய்' என்று கேட்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் நடக்கும்.

மாரியில் டெங்கு வருகிறது. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் பதிவானார்கள். அப்போது பப்பாசி இலைச் சாறு கிடைக்காத வீடு இல்லை. குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். ஆனால் காய்ச்சல் விட்டதும் சாறு வேலை செய்துவிட்டது என்று நினைப்பதுதான் உயிரை எடுக்கும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரமே மோசமான நேரம். வயிற்றுநோ, நிற்காத வாந்தி, கைகால் குளிர்தல், ஈறில் இரத்தம் எல்லாம் அப்போதுதான் வரும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். அஸ்பிரினோ வேறு நோமாத்திரையோ வேண்டாம்.

இன்னும் சில சொல்லிவிடுகிறேன், வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது கிடைத்தவை. இருமலுக்கு அதிமதுரத்தைத் தினமும் வாயில் போட்டு மெல்லுகிறவர்கள் பிரசரையும் கூட்டிக்கொள்கிறார்கள். அது உடம்பில் பொட்டாசியத்தையும் குறைக்கும். ஆடாதோடை சளிக்கு நல்லது. வயிற்றில் பிள்ளை இருப்பவருக்கு ஆகாது, கருப்பையைச் சுருங்கச் செய்யும். இருதயத்துக்கு, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வோபரின் குளிசை எடுப்பவர் கறிக்கு மஞ்சளும் உள்ளியும் போடலாம். அவற்றையே மாத்திரையாகவோ கரண்டிக் கணக்கிலோ எடுத்தால் இரத்தம் உறையாமல் போகக்கூடும்.

சரி, இனிச் சரக்குக் கடையும் போனில் வாங்குகிற மருந்தும். மூட்டு வலிக்கு 'மூன்று நாளில் சுகம்' என்று தூள் விற்கிறார்கள். மூன்று நாளில் சுகமும் வருகிறது, பிறகு முகம் ஊதுகிறது, சீனி ஏறுகிறது. இப்படிப்பட்ட தூள்களில் ஸ்டெரொய்ட் கலப்பது ஆசிய நாடுகள் பலவற்றில் சோதனையில் பிடிபட்ட விடயம். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. இன்னொன்று 1993இல் வெளியானது. பெல்ஜியத்தின் பிரசல்ஸில் உடம்பு மெலிவதற்கு மூலிகை எடுத்த பெண்களின் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. எங்கள் ஈசுரமூலி அதே இனம். சிங்களத்தில் சப்சந்த என்று அழைப்பார்கள். பெயர் தெரியாமல் வாங்கிக் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெயர்ப் பிரச்சினை எங்கள் பக்கத்தில் இன்னும் சிக்கல். தெற்கிலிருந்து வருகிற, தடிமனுக்குக் காய்ச்சிக் குடிக்கும் பஸ்பங்குவ என்ற சரக்குப் பொதியை நாங்களும் வாங்குகிறோம், நல்ல பொதிதான். வெனிவெல்கெட்ட என்பது மரமஞ்சள் என்றும் கட்டுவெல்பட்டு கண்டங்கத்திரி என்றும் அம்மாவுக்கு யார் சொல்வது? என் வீட்டில் இருந்த மூன்று பொதிகளில் தமிழில் ஒரு எழுத்துக்கூட இல்லை. பொருட்களின் பெயர், எவ்வளவு, எத்தனை நாள், யார் குடிக்கக் கூடாது என்பவை தமிழில் இல்லாத எந்தப் பொதியும் இந்த மாகாணக் கடைகளில் இருக்கக் கூடாது. கலப்படத்தையும் பாருங்கள். 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி விலை ஏறியபோது மா கலந்த மஞ்சள் சந்தைக்கு வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே வருட டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்ல, ஆயிரக்கணக்கில் சனம் அங்கே கூடியது. அப்போதைய சுகாதார அமைச்சரே அதைக் கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. பதவியில் இருப்பவர் எதைக் குடித்துக் காட்டுகிறார் என்பதைச் சனம் பார்க்கிறது. அதனால்தான் எதைக் கேட்க மறந்தீர்கள் என்பதையும் உங்களிடமே சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம். மேலே 'வீட்டில் எடுக்கும் மருந்துகள்' என்று ஒரு தலைப்பு. கைமருந்து, குடிநீர், தூள், எண்ணெய், கடையில் வாங்கிய மாத்திரை எல்லாவற்றையும் நோயாளி அல்லது வீட்டார் எழுத, அல்லது இரத்தத்தில் சீனி பார்க்கும் மேசையில் இருக்கும் தாதி கேட்டு எழுத. ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று வரிசையில் அம்மாவோடு நின்ற எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேட்க நேரம் இல்லை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். நோன்பும் விரதமும் வருமுன் கட்டாயம் கேளுங்கள். கேட்கிற முறைதான் முக்கியம். 'நாட்டு மருந்து குடிக்கிறீங்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'வீட்டில வேற என்ன குடிக்கிறீங்க அம்மா?' என்று கேட்டால் எல்லாம் வரும்.

அதே கொப்பியைச் சுதேச வைத்தியரும் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுத வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் யார் யார் என்ற பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டுங்கள். பதிவு செய்தவருக்கும் பேஸ்புக்கில் தூள் விற்கிறவருக்கும் வித்தியாசம் சனத்துக்குத் தெரியாமல் இருப்பது நல்ல வைத்தியருக்குத்தான் அநியாயம். நிந்தவூரில் தொற்றா நோய்களுக்கென்றே ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கிறது. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து வெளியேறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையும் கிளினிக் வைத்தியர்களையும் ஒரு நாள் ஒரே மேசையில் இருத்தி, இந்தப் பகுதியில் சனம் உண்மையில் குடிக்கிற இருபது முப்பது மருந்துகளை எடுத்து, எது எந்தக் குளிசையோடு மோதும் என்று ஒரு தாள் தயாரிக்கச் சொல்லுங்கள். அது மட்டக்களப்புத் தமிழில் இருக்கட்டும்.

அந்த ஏச்சுக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, ஒரு மாலை அம்மாவோடு திண்ணையில் இருந்து, ஏசாமல் கேட்டேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நானே கோடு போட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறு வரி வந்தது. எனக்குத் தெரிந்திருந்தது இரண்டுதான்.

கொத்தமல்லித் தண்ணி, காலையில் ஒரு கோப்பை. இலைக்கஞ்சி, செவ்வாயும் வெள்ளியும். முழங்காலுக்கு எண்ணெய், பூச மட்டும். அதிமதுரம், இருமல் வந்தால், போன மாதம் முழுக்க. பாகற்காய்ச் சாறு, நிறுத்தியாயிற்று. பொன்குரண்டிக் கோப்பை, குடிக்கவில்லை; குளிசையைக் குறைத்துவிட்டுக் குடிக்கலாமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மா இந்தக் கொப்பியோடு வருவார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஆரையம்பதியிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்